கிருமிக்கு மாமியார் பேர்

வீராயிக்குச் சுத்தப் பைத்தியம் என்பது விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். பொம்மை வார்க்கிற அவள் பட்டறையில் மண்கூழ்த் தொட்டிகளை வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவியாக வேண்டும். "என் தொட்டியில வெரல வுட்டு நக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பாள். யாரும் நக்கிப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவள் தொட்டி நாறினால் எப்படி இருக்கும்? பொங்கல் லீவு முடிந்து வந்து மூன்றாம் தொட்டியைத் திறந்தால், குடலைப் புரட்டுகிற வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய கூழ் கறுத்துக் கிடந்தது. கொட்ட மனசு வராமல் அதிலேயே பிள்ளையார் வார்த்தாள். சூளையிலிருந்து வந்த அத்தனை பிள்ளையாருக்கும் முகமெல்லாம் பொத்தல் பொத்தலாக ஓட்டை. பக்கத்துப் பட்டறை குருமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாக்கா, சாமிக்கே அம்மை போட்டுருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வீராயிக்கு மானமே போயிற்று.

அவள் மருமகள் கனிமொழி கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுப்பவள். அந்தக் கூழில் கொஞ்சத்தைக் குட்டிப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனாள். வார்ப்பு வேலை செய்யும் காசியம்மாள் மீதியைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைத் தேய்த்தாள். சனியன் அதோடு ஒழிந்தது என்று வீராயி நினைத்தாள்.

எங்கே ஒழிந்தது? சித்திரை வெயிலில் ஒருநாள் கனிமொழி கல்லூரியிலிருந்து நேரே பட்டறைக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை, உங்க தொட்டியில இருந்த கிருமிக்கு இதுவரைக்கும் யாருமே பேர் வெக்கல போலருக்குது. சாயம் போட்டுப் பாத்தேன். எந்தச் சர்க்கரையத் திங்குது, எதைத் திங்கலன்னு பாத்தேன். புத்தகத்துல இருக்கற எதோடயும் முழுசா ஒத்துப்போவல. சென்னைக்கு அனுப்பி ஜீனையும் பாத்துட்டா உறுதியாயிடும். புதுசுன்னா, அதுக்கு உங்க பேரை வெக்கலாம்னு இருக்கேன்."

வீராயி கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தாள். உடைக்காமல் வைத்ததே பெரிய காரியம்.

"நாத்தம் புடிச்ச புழுவுக்கு எம் பேரா? நீ பெத்த புள்ளைக்கு வெக்க வெக்கமா இருந்த பேரு, புழுவுக்குன்னா நல்லா இருக்குதா?"

இது பழைய புண். அவர்கள் வீட்டில் முதல் பேத்திக்கு அப்பாயி பேரை வைப்பது வழக்கம். மகன் பாண்டியனுக்குப் பெண் பிறந்தபோது, வீராயி புதுப் புடவை கட்டிக்கொண்டு, தன் பேரைக் குழந்தை காதில் சொல்லத் தயாராக நின்றாள். "ஸ்கூல்ல சிரிப்பாங்க அத்தை" என்று சொல்லி, கனிமொழி மதிவதனி என்று பேர் வைத்துவிட்டாள். பிள்ளை ஒன்றாம் வகுப்பே போயாயிற்று. இன்னமும் வீராயிக்கு அவள் "பாப்பா"தான். மதிவதனி என்கிற பேர் வீராயி வாயில் வரவே வராது.

சண்டை முற்றி, வீராயி மருமகளோடு பேச்சை நிறுத்தினாள். எத்தனை நாளைக்குத்தான் ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவது? ஒரு சாயங்காலம் கனிமொழி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்டுபுடிச்சவங்க தம் பேரையே வெச்சுக்கிட்டா மரியாதையில்ல அத்தை. மதிக்கிறவங்க பேரை வெப்பாங்க, இல்லன்னா ஊர் பேரு. மொத பேரு அந்தக் கிருமிக் குடும்பத்துக்கே பொது. ரெண்டாவது பேருதான் அதுக்கே அதுக்குன்னு. அங்கதான் உங்க பேரு வரும், கடைசியில சின்னதா ஒரு லத்தீன் வாலோட. புடிக்கலன்னா வுடுங்க, ஊரு பேரையே வெச்சுடறேன்."

"ஊரு பேரா?" வீராயி வெடுக்கென்று திரும்பினாள். "ஊரா மண்ணைக் கரைச்சுது?"

கனிமொழி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வீராயி காபியை ஆற்றுகிற சாக்கில், "வெச்சா என்னா பண்ணுவாங்க?" என்றாள்.

"ரெண்டு தேசத்துல ஐஸ் பொட்டியில உசுரோட வெச்சுக் காப்பாத்துவாங்க. உலகத்துல எவன் அதைப் பாத்தாலும் உங்க பேரைத்தான் எழுதணும். நாளைக்கே வேற குடும்பத்துல கொண்டுபோய்ச் சேத்தாலும், ரெண்டாவது பேரு கூடவே போவும்." கனிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். "பாப்பாவுக்கு வெக்காம வுட்டது தப்புதான் அத்தை. மனசுல கெடந்து அறுக்குது."

வீராயி காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

மறுநாளிலிருந்து தொழிற்பேட்டையில் வீராயி அடித்த லூட்டி கொஞ்சநஞ்சமில்லை. டீக்கடையில் சொன்னாள், மண் லாரிக்காரனிடம் சொன்னாள், மங்கலம்பேட்டையிலிருந்து பொம்மை வாங்க வந்த கடைக்காரரிடமும் சொன்னாள். "நான் செத்தாலும் எம் பேரு ஐஸ் பொட்டியில உசுரோட இருக்கும்" என்று குருமூர்த்திக்கு ஜிலேபியை நீட்டினாள். அவன் தின்றுகொண்டே, "எனக்கும் ஒரு பூச்சி பாத்து வையுங்கக்கா" என்றான். "மொதல்ல தொட்டிய நாறவுடு, அப்புறம் வா" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆடி மாதம் சென்னையிலிருந்து முடிவு வந்தது. அன்று கனிமொழி வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே வீராயிக்குப் புரிந்துவிட்டது.

"புதுசு இல்லையா?"

"இல்ல அத்தை. ஜீனு ஏற்கெனவே பேர் வெச்ச ஒண்ணோட அப்படியே ஒத்துப்போவுது. எங்கியோ வெளிநாட்டுச் சேத்துல எப்பவோ கண்டுபுடிச்சது. நம்ம மண்ணுல வளந்ததால பழக்கவழக்கம் கொஞ்சம் மாறியிருக்குது, அதான் நான் ஏமாந்துட்டேன்." கனிமொழி தலையைக் குனிந்துகொண்டு வண்டிச் சாவியைத் திருகினாள். "எல்லாருக்கும் ஜிலேபி வேற குடுத்துட்டீங்க."

பேத்திக்கு வாய்க்காத பேர், கிருமிக்கும் வாய்க்காமல் போயிற்றே என்று வீராயிக்கு ஒரு கணம் அழுகையே வந்தது. வெளிக்காட்டவில்லை. "சோறு தின்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் தொட்டி கழுவும் நாளில் காசியம்மாள் பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்னத் தொட்டியைத் தேய்க்கப் போனாள். வீராயி ஓடிவந்து மறித்தாள்.

"அதைத் தொடாத!"

"நாறுதுக்கா."

"நாறட்டும்."

காசியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். "அப்ப கொஞ்சம் பழைய கஞ்சி ஊத்துனா இன்னும் நல்லா வருமே?"

"அறிவிருக்குதா ஒனக்கு? கஞ்சியில ஏற்கெனவே பேர் வெச்ச பழைய ஆளுங்கதான் இருப்பாங்க. புதுசு தானா வரணும்." வீராயி தொட்டியின் மூடிமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கனிமொழியையும் பேத்தியையும் பட்டறைக்கு அழைத்து வந்தாள். கல்லை நகர்த்தி மூடியைத் திறந்ததும் வாடை மூவரையும் இரண்டடி பின்னால் தள்ளியது. ஊரெல்லாம் சுத்தம் சுத்தம் என்று முழங்கியவளின் தொட்டி. கனிமொழி வாயைப் பிளந்தபடி மாமியாரைப் பார்த்தாள்.

"என்னா பாக்கற? பேரு ரெடியா இருக்குது. ஆளை நீ தேடு" என்றாள் வீராயி. பிறகு பேத்தி பக்கம் திரும்பி, ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏ மதிவதனி, அம்மா பையில குட்டிப் பாட்டில் இருக்கும். ஓடிப்போய் எடுத்தா."