மூன்றாம் தடவை

அது எழுபத்தொன்றாம் வருஷம். என் மகள் பொன்னழகு நாலு மாதமாகப் பேசவில்லை. அவளை வளர்த்த என் அக்காள் செத்த அன்றைக்கு மூடிய வாய். காத்துக்கருப்பு என்று கோடாங்கியைக் கூப்பிட்டேன். மூன்று நாள் உடுக்கை அடித்தான். அவனுக்குத் தொண்டை கட்டியது, எனக்கு இரண்டு சேவல் போனது, அவள் பேசவில்லை.

பள்ளிக்கூட டீச்சர்தான் மதுரையில் மனநல டாக்டர் இருப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகள் என்ன பைத்தியமா? ஆனால் சோற்றுத் தட்டின் முன்னால் அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊரில் யாரிடமும் மூச்சுவிடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கம்பவுண்டரிடம் அவள் பேரைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், டாக்டர் வீட்டு வராந்தாவில், பெயர்ப் பலகைக்கு நேர் கீழே, காரைக்குடி ஏகப்பச் செட்டியார் தன் மகள் தேனம்மையோடு உட்கார்ந்திருந்தார். என் நெல்லை வருஷா வருஷம் வாங்குகிறவர்.

"சேதுபதி, எங்க இங்குட்டு வந்தீக?"

"உழவு மாடு பாக்க வந்தேன் செட்டியாரே. நீங்க?"

"மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க. வெயிலுக்கு ஒதுங்கினோம்."

"நாங்களும் வெயிலுக்குத்தான்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தேனம்மை ஆறு மாதமாகத் தூங்குவதில்லை என்பது காரைக்குடிக்கே தெரியும். எங்கள் வீட்டில் பேய் என்றோம், அவர்கள் வீட்டில் சனி என்றார்கள். சோசியர், பரிகாரம், கோவிலூரில் அர்ச்சனை எல்லாம் ஆயிற்று. கண்டனூரிலிருந்து பெண் கேட்டு வரப்போகிறார்கள், அதனால் மனநல டாக்டரிடம் வந்ததை அவர் மறைத்தார். நான் மறைத்தது வெறும் வீறாப்பு.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "பொன்னழகு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"பொன்னழகு."

"உங்க மக பேரும் அதுதானே?" என்றார் செட்டியார்.

"எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அதான் பேரு."

"கடைசித் தடவை கூப்பிடுறேன். இல்லேன்னா அடுத்த வாரந்தான். பொன்னழகு."

அடுத்த வாரம் வரும் தைரியம் எனக்கு இருக்காது. அது தெரிந்தும் உடம்பு எழும்பவில்லை.

"நான்தான்."

குரல் கரகரத்தது. என் மகள் எழுந்து நின்றாள்.

"எங்கய்யா மாடு பாக்க வரல. என்னையத்தான் கூட்டியாந்தாக."

நான் அழுதுவிட்டேன். செட்டியார் பார்க்கிறாரே என்ற நினைப்புக்கூட வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, பின்னால் அவருடைய தணிந்த குரல் கேட்டது.

"தம்பி, தேனம்மைனு ஒரு பேரு எழுதிக் குடுத்தேனே, அது எத்தனாவது?"