அத்தை மகனை வேண்டாமென்றவள்

“அவன் அத்தை மகனா, சித்தப்பா மகனா? அத மொதல்ல சொல்லு புள்ள.”

“புத்தகத்துல உறவுக்காரன்னுதான் போட்டிருக்கு சித்தி,” என்றேன்.

“முறை தெரியாமயா கல்யாணம் பேசுவாக?” முருகம்மாள் விடுவதாயில்லை. “சித்தப்பா மகன்னா அண்ணன். பேச்சே இல்ல. அத்தை மகன்னா, அவனைப் போயி வேண்டாங்காளே, எம்புட்டுத் திமிரு அவளுக்கு!”

விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையிலிருந்து நாரணாபுரத்துக்குத் திரும்பும் கம்பெனி வேன் அது. 2003 தீபாவளி சீசன். சரம் பின்னிய களைப்பு தெரியாமலிருக்க, நூலகத்தில் எடுத்த பழைய ஆங்கில நாவலின் மொழிபெயர்ப்பைத் தினமும் கொஞ்சம் சொல்லி வந்தேன். சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங்காடு மழை நனைத்த புல்வெளியாகிவிடும். அன்றைக்கு, வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை நாயகி மறுக்கும் இடம்.

“அத்தை மகன்னே வச்சுக்கோங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்காக. கரண்டியக் கீழ வச்சுட்டு அவன்ட்டயே சொல்லுதா: ‘நீங்க நல்லவருதான். ஆனா எனக்கு அது போதாது.’”

“சோத்து முன்னாடியா?” பொன்னுத்தங்கம் அக்கா பதறினார். “பாவி, அவனைச் சாப்பிட விட்டுட்டுச் சொல்லிருக்கலாம்ல!”

வேனே சிரித்தது. பானுப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. முருகம்மாளின் மகள், என் தோழி. வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய அத்தை மகன் பாண்டிராஜ் வீட்டிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். தலையில் பூ வைத்துவிட்டால் அதன்பின் மறுபேச்சு கிடையாது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. முறை மாப்பிள்ளைக்கு எதற்குக் கேட்க வேண்டும்?

“அத்தை மகன்னா வேண்டாங்கக் கூடாதாம்மா?” என்றாள் பானு.

முருகம்மாள் மகளின் காதோரம் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளக்காரி கதை வெள்ளக்காரியோட. பாண்டிராசு என்ன கெட்டவனா?”

“நல்லவந்தாம்மா.”

அடுத்த வரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முருகம்மாளின் கை நின்றது. பிறகு, பொடியே இல்லாத மற்றக் காதையும் மெதுவாகத் துடைக்கத் தொடங்கியது.

பானு அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். அத்தைட்ட மட்டும் நீ சொல்லும்மா. வெள்ளிக்கிழமை பூ கொண்டுவர வேண்டாம்னு, நீயே சொல்லும்மா.”