தண்ணீரில் கரைந்த உப்பு

அன்று அபூ ஸுவைலிமின் பழைய வண்டிக் கொட்டடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். தகரப் பந்தலின் கீழ், பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட நீளமான சீட்டில் அபூ ஸுவைலிம். இடமும் அவருடையது, விற்பவரும் அவரே. எதிரே, படுக்கப் போட்ட டயரின் மேல் ஏமன்காரரான மெக்கானிக் நஸீஃப். பந்தல் காலை ஒட்டி ஒரு மரப்பெட்டியில் நான், மடியில் எழுதும் அட்டையோடு. என் மனைவியின் தம்பி ஷாஃபிக்கு எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை உருட்டி வைத்திருந்தார்கள். அவன் அதில் உட்காருவதாக இல்லை.

வெயிலில் கிடந்தது நாங்கள் பார்க்க வந்த லாரி. சல்வா சாலையில் உருண்டது. முன்தலை, செருப்புக் காலில் மிதிபட்ட பேரீச்சம்பழம் போல நசுங்கியிருந்தது. ஆனால் எங்களுக்கு வேண்டியது தலை அல்ல. கியர்பாக்ஸ், அதிலிருந்து பின்னால் ஓடும் ஷாஃப்ட், பின் அச்சு. இவை மூன்றும் நசுங்காமல் அப்படியே இருந்தன.

ஷாஃபிக்கும் அவன் அண்ணன் ஃபலாஹுக்கும் பங்காக ஒரு தண்ணீர் லாரி உண்டு, இதே ஜாதி. தெற்கே பாலைவனத்தில் ஃபலாஹ் ஆடுகளோடு கூடாரம் போட்டிருக்கும் இடத்தில் கிணறுகள் கசந்துவிட்டன. அவர்கள் லாரி ஹுஃபூஃப் ஊரிலிருந்து கொண்டுபோகும் தண்ணீரைத்தான் மந்தை குடிக்கிறது. மணல்மேடு ஏறும்போது பின் அச்சில் பல் உடைந்தது. அதையும் மீறி ஷாஃபி உறுமவிட்டதில் கியர்பாக்ஸும் போனது. செத்த லாரியை வாங்கி எங்கள் லாரிக்கு உயிர் கொடுப்பதென்றால் பெண்ணாடுகளை விற்றாக வேண்டும். அவை போனால் அடுத்த வருஷம் குட்டி இல்லை. ஆட்டு வியாபாரி நாளைக்கு ஃபலாஹிடம் போகிறான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அந்தப் பக்கம் புறப்படும் பிக்கப்பில் எங்கள் முடிவு போய்விட வேண்டும்.

எதையும் முன்கூட்டி வரிசையாகச் செய்துவைப்பது என் வழக்கம். ஃபலாஹுக்கான கடிதத்தைக் காலையிலேயே எழுதிவிட்டேன். "ஆகவே பெண்ணாடுகளை" என்று எழுதி, ஒரு சொல்லுக்கு இடம் விட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். விற்றுவிடு, அல்லது விற்காதே. அந்தச் சொல்லை ஷாஃபி சொல்ல வேண்டும்.

"உக்காருப்பா. டீ ஆறுது," என்றார் அபூ ஸுவைலிம்.

"ஆறட்டும்." ஷாஃபி நான்காவது தடவையாக லாரியைச் சுற்றி வந்தான். "நஸீஃப் அண்ணே, இன்னொரு வாட்டி சுத்திப் பாரேன்."

"எத்தனை வாட்டி சுத்துறது? பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்." முனகியபடியே நஸீஃப் கீழே நுழைந்து ஷாஃப்டைப் பிடித்துத் திருப்பினார். ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் இல்ல. பல்லு எல்லாம் பிடிக்குது. வெளியில இருந்து பாக்க நல்லாத்தான் இருக்கு."

"உள்ள?"

"உள்ளதைப் படைச்சவன்கிட்ட கேளு."

ஷாஃபி பந்தலுக்கு வந்தான். "அபூ ஸுவைலிம், ஒரே ஒரு வார்த்தை. கியர்பாக்ஸ் நல்லாருக்குன்னு சொல்லுங்க. மச்சான் எழுதிடுவாரு, ஆடு வித்துடும்."

பெரியவர் தேநீரை உறிஞ்சினார். "தண்ணியில கரைஞ்ச உப்பு."

எங்கள் வண்டிச் சந்தையில் பிற்பாடு வம்பு வேண்டாமென்று விற்பவன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். சிலர் "இரும்புக் குவியல்" என்பார்கள், சிலர் "தண்ணியில கரைஞ்ச உப்பு" என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: குறை கண்டால் என்னிடம் வராதே. நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, அது எங்கள் காதில் தும்மலுக்குப் பின் வரும் வாழ்த்துப் போல விழுந்து போகும்.

"அது சரி, அதை எல்லாரும் சொல்றதுதான். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தண்ணியில கரைஞ்ச உப்புப்பா."

"மச்சான், இவரு வாயில வேற வார்த்தையே இல்லையா?" என்று என்னிடம் திரும்பினான். நான் பேனாவைத் திறந்து, மூடினேன். பள்ளிவாசல் பக்கம் பிக்கப் ஹார்ன் அடித்தது. ஆள் சேர்க்கிறான்.

ஷாஃபிக்கு அதுதான் தாங்கவில்லை. நஸீஃபின் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் அடித் திருகைக் கழற்றத் தொடங்கினான். பெரியவர் தடுக்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன். பொருள் மட்டும் விளங்கவில்லை.

திருகு வந்தது. எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தது.

"மழைத்தண்ணியா இருக்கும்," என்றார் நஸீஃப். "அடியில தங்கியிருக்கு. கழுவி விட்டுக்கலாம்."

ஷாஃபி விரலை நனைத்து நாக்கில் வைத்தான். தண்ணீர் லாரிக்காரன், எந்தக் கிணற்றுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்வான். பிறகு அசையாமல் அப்படியே படுத்திருந்தான். அன்று முழுவதும் அவன் அசையாமல் இருந்தது அப்போதுதான்.

"உப்பு," என்றான்.

எழுந்து வந்தான். "எங்க கிடந்துச்சு இது?"

"சல்வா சாலை ஓரம், உப்புச் சதுப்புல. குளிர்காலம் பூரா. கிரேன் உள்ள போக முடியல."

"இப்ப சொல்றீங்க."

"மூணு தரம் சொன்னேன். காலையில நீ வந்து ஸலாம் சொன்ன கையோட முதல் தரம்."

"அது சந்தையில எல்லாரும் சொல்றது!"

"மத்தவன் சொல்றதுக்கு நான் பொறுப்பா? நான் ஒரு தரமாவது இரும்புக் குவியல்னு சொன்னேனா?"

அவர் சொல்லவில்லைதான். லாரியின் சட்டத்தில் படிந்திருந்த வெள்ளையைச் சாலைப் புழுதி என்று நானும் நினைத்திருந்தேன்.

ஷாஃபி மறுபடி நடக்க ஆரம்பித்தான். "அண்ணே, பேரிங் மட்டும் மாத்தினா?"

"மாத்தலாம். பேரிங் உக்காந்த இடம் அரிச்சிருக்கும், அதையும் மாத்தணும். அப்புறம் அச்சுக்குள்ளயும் இதே கதைதான்."

"வண்டிப் பேரு மட்டும்தான் மாத்த வேண்டாம்ங்கிற."

"பேரு நல்ல பேரு. வச்சுக்கோ."

ஷாஃபி சிரிக்கவில்லை. பிக்கப் இரண்டாம் முறை ஹார்ன் அடித்தது. "தண்ணி இல்லாம ஆடு சாகும், வித்தா இல்லாமலே போகும்," என்று லாரியிடம் சொல்வது போலச் சொன்னான். முதல் தடவையாகப் பீப்பாயில் உட்கார்ந்தான். "எழுதுங்க மச்சான். விக்காதே. மந்தையைக் கிழக்கே ஓட்டிக்கிட்டு வா, தோட்டத்துத் தண்ணி வடியிற வாய்க்கால் பக்கம். ராத்திரியில நட. லாரி வராது, லாரிக்காகக் காத்திருக்காதே. எதிர்ல நான் வரேன், வேற பிக்கப்ல ரெண்டு பீப்பா தண்ணியோட."

நான் விட்டிருந்த இடம் ஒரு சொல்லுக்குத்தான். "விற்காதே" அதில் அடங்கியது. மற்றதை ஓரத்தில், தாளைத் திருப்பித் திருப்பி, கையெழுத்தையும் சுற்றிக்கொண்டு எழுதினேன். பெரியவர், ஷாஃபி உட்கார்ந்திருந்த பீப்பாயையும் அதன் ஜோடியையும் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவை சுத்தமானவை என்று தாமாகவே சொன்னார்.

உறையை ஷாஃபி வாங்கினான். பசையில் நாக்கை வைத்ததும் முகம் சுளித்தான். "இன்னும் உப்பா இருக்கு," என்று சொல்லி, அழுத்தி ஒட்டி, எழுந்து பிக்கப்பை நோக்கி ஓடினான்.