இருக்கை உயரத்தில் ஸ்டோயான்

பேருந்து எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஸ்டோயான் மட்டும் சாலைக்கு மேலே, இருக்கை உயரத்தில், மடியில் பெட்டியோடு அந்தரத்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் யெலெந்தோலில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, காரணம் ஊருக்கே தெரியும். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. இங்கே பெயர் வைக்கும் உரிமை தாய் தகப்பனுக்குக் கிடையாது. தேவாலயத்தில் ஞானத் தகப்பன் சொல்வதுதான் பெயர். மேலே கடவுள், கீழே ஞானத் தகப்பன் என்பார்கள். நோய் பயந்து ஓடட்டும் என்று ஓநாயின் பெயரை வைப்பவர்கள் உண்டு. ஸ்டோயானின் ஞானத் தகப்பன் ராதிசாவ் அதை நம்பவில்லை. குழந்தையை ஏந்தி ‘ஸ்டோயான்’ என்றார். நில், போகாதே என்று அர்த்தம். ஒரு தடவை போதும் என்றார் பாதிரியார். கேட்கிற ஆளா அவர்? மூன்று தடவை கத்தினார், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிள்ளை நின்றது. காய்ச்சலும் வெள்ளமும் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போயின. பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றுதான், ரயிலோ லாரியோ எதுவுமே அவனைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோகாது என்பது தெரிந்தது.

தெரிந்தேதான் மிலுங்கா அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் கூரைக்கு ஓடு வேண்டுமே. ஊர்ப் பெண்களோடு அவளும் வியன்னாவுக்குப் போய், ஒரு ஓட்டலில் துணி வெளுத்தாள். போன பிறகுதான் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தது. பிறந்தது பெண் குழந்தை, அதற்கு நெஞ்சு பலவீனம், பயணமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஸ்டோயான் ஞாயிறுதோறும் பேருந்து ஏறினான். “அண்ணே, உனக்கு டிக்கெட் கிழிச்சு எனக்குக் கைதான் வலிக்குது,” என்பார் நடத்துனர். மழை பெய்தால் யாராவது ஒரு குடையை எட்டிக் கொடுப்போம். இருட்டினால் தானாக இறங்கி வீட்டுக்குப் போவான்.

கடைசியில் ராதிசாவிடமே போய் நின்றான். “பேரை மாத்திடுங்க, பெரியவரே. எம் பொண்ணை ஒரு தடவை தூக்கணும், அவ்வளவுதான்.”

“மாத்தினதும் அந்த மூணும் போன வழியில நீயும் போயிட்டா? உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?”

“போனாப் போறேன்.”

“வாயைக் கழுவுடா! வச்ச பேரு வச்சதுதான்.” கிழவர் பிளம் சாராயத்தை ஒரே மடக்காகக் குடித்தார். “ஆனா உன் புள்ளைக்குப் பேரு வைக்கிறதும் நான்தானே?”

பக்கத்து நகரத்துச் சந்தையைத் தாண்டாத மனிதர், புகைபோட்ட பன்றித்தொடையை முதுகில் கட்டிக்கொண்டு வியன்னாவுக்கு ரயில் ஏறினார். குழந்தையைத் தூக்கி ‘ஸ்ரெதெங்கா’ என்றார். சந்திப்பு என்று அர்த்தம். அதையும் மூன்று தடவை கத்தினாராம், அங்கிருந்த பாதிரியார் காதைப் பொத்திக்கொண்டாராம். திரும்பி வந்தவரை ஊரே கேலி செய்தது, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்டோயான் மட்டும் கேலி செய்யவில்லை. பாவம், பெட்டியோடு பேருந்து ஏறிக்கொண்டே இருந்தான், காதோர முடி நரைத்தது.

குழந்தை நடக்கப் பழகி, பேசப் பழகி, எட்டிக் கதவு திறக்கும் அளவுக்கு வளர வேண்டியிருந்தது என்பது யாருக்குத் தோன்றியது? ஒரு ஞாயிறு மத்தியானம் வியன்னாவில் சமையலறைக் கதவைத் திறந்தவள் எங்கள் பாலத்தில் வந்து நின்றாள், ஒரு காலில் மட்டும் காலுறை. பின்னாலேயே கையில் கரண்டியோடு மிலுங்கா ஓடிவந்தாள். குழந்தை அண்ணாந்து பார்த்து, அந்தரத்தில் தொங்கிய செருப்பைப் பிடித்து இழுத்தது.

“அம்மா, இவரு யாரு? ஏன் மேல உக்காந்திருக்காரு?”

“உங்கப்பாடி,” என்றாள் மிலுங்கா. “நம்ம வீட்டுக்கு வந்துகிட்டிருக்காரு.”

ஸ்டோயான் குனிந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பெட்டி சாலையில் விழுந்து திறந்துகொண்டது, யாரும் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேருந்து பாலத்தருகே கொஞ்சம் ஒதுங்கிப் போகிறது. மூன்று பேர் இருக்கை உயரத்தில் உட்கார்ந்து, வியன்னாவிலிருந்து சூடு ஆறாமல் வந்த சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.