பிளக் இல்லாத காளை

அம்மையப்பன் ராஸ் அல் கைமாவில் இறக்கிய இயந்திரக் காளை, இரண்டாவது வெள்ளிக்கிழமை சாணி போட்டது. ரப்பர் தோலும் உள்ளே மோட்டாருமாகச் சீனாவிலிருந்து வந்த, காலே இல்லாத உருப்படி அது. வளைகுடாவுக்கு மாடுபிடி காட்சியைக் கொண்டுவந்த முதல் ஆள் தானே என்று விசிட்டிங் கார்டில் அடித்துக்கொண்டவருக்கு, அந்தச் சாணியும் தன் திறமையாகத்தான் தெரிந்தது. கோவையில் டைல்ஸ் விற்றவர். பால் பாக்கெட்டைத் தவிர மாட்டோடு அவருக்கு எந்த உறவும் கிடையாது என்பது மனைவி பிரபாவதிக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தால் மட்டும் ஏழு தலைமுறை மாடுபிடி வம்சம் ஆகிவிடுவார்.

காயல்பட்டினத்து எலெக்ட்ரீஷியன் கலீல் ரஹ்மான் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, பிளக் மாஃபி, சொருகவே இல்ல! அப்பவும் மாடு ஆடுது."

"கரண்ட் மிச்சம். அடுத்த ஆளை ஏத்துப்பா" என்றார் அம்மையப்பன்.

மறுவருடம் காளைக்குத் திமில் வந்தது, அதற்கடுத்த வருடம் கால்கள். சிமெண்ட் ஆலைக் கேம்பிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து விழுந்து எழுந்து போனார்கள். பாலகுரு என்ற தொழிலாளிக்கு விலா எலும்பு முறிந்தது. அம்மையப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலோடு சேர்த்து போட்டோ எடுத்து, 'மாவீரன்' என்று போஸ்டர் அடித்தார். கஞ்சி கொண்டுபோனது பிரபாவதிதான்.

"சார் ஒருவாட்டிகூட ஏறுனதில்லையேக்கா?" என்று பாலகுரு கேட்டான். அவள் கஞ்சிப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த காட்சியில் கணவர் கையிலிருந்த மைக்கை அவள் வாங்கினாள்.

"இன்னிக்கு எங்க வீட்டுக்காரரே ஏறுவாருங்க."

கூட்டம் எழுப்பிய விசிலில் அவருடைய மறுப்பு யாருக்கும் கேட்கவில்லை. நான்கு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள். காளை அவரைத் தள்ளவில்லை. தள்ளிவிடத் தகுதியான ஆள் என்று நினைக்கவில்லை போல. கேட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையோரமாக, ஜெபல் ஜைஸ் மலையைப் பார்த்து நடந்தது. போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார். பேன்ட் எங்கே முடிகிறது, மாட்டுத்தோல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கலாஸ், முடிந்தது என்று கிளம்பிப் போனார்கள்.

பிரபாவதி செராமிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் தயிர்சாதத்தோடு மலையேறி, வளைவில் காரை நிறுத்துவாள்.

"அடுத்த சீசன் குவைத்ல பண்றோம். அங்க அப்பாசியா ஏரியா முழுக்க நம்ம ஜனம்" என்பார், காளை மேலிருந்து.

"சரிங்க, வாயத் தொறங்க."

ஊட்டிவிட்டு, காளைக்கும் ஒரு கட்டுப் புல் போட்டுவிட்டு அவள் இறங்குவாள். சுற்றுலாக்காரர்கள் யாராவது யார் அவர் என்று கேட்டால், "என் ஹஸ்பண்ட்தாங்க. வேலைல இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்துவாள்.