அன்னவாசல் வேகத்தடையில் விழுந்த புள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் குழந்தைசாமி என்ற நண்பர் தம் கவிதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். நான் படிக்கவில்லை. "பிரமாதங்க, அந்தக் கடைசி வரி" என்று சொல்லிவிட்டேன். எந்தக் கவிதைக்கும் கடைசி வரி என்று ஒன்று இருக்குமே என்ற தைரியம். அந்தத் தாளை அவர் இன்னும் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குக்கூட எடுத்துக் காட்டினார்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் உண்ணாமலை என்று ஒருத்தியை உண்டாக்கி, அவளைச் சொல்லவைத்துப் பார்க்கிறேன். கோழைத்தனம்தான். முருகன் பொறுத்துக்கொள்ளட்டும்.

2

முதல் தொடக்கம்: "விராலிமலையில் மயில்கள் அகவிய பொன்னான காலைப்பொழுதில்..."

அடித்துவிட்டேன். உண்ணாமலையின் கடையில் காலையில் கேட்பது ஜெராக்ஸ் மிஷின் சத்தம்தான்.

இரண்டாவது: "உண்ணாமலை மிகவும் நல்லவள்." (இப்படித் தொடங்கினால் அவளால் ஒரு தப்பும் செய்ய முடியாது. தப்பு இல்லாமல் எனக்குக் கதை இல்லை.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் உண்ணாமலை கவிதை எழுதுகிறவள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு புதுக்கோட்டைக்குப் போவாள். அங்கே ஒரு தையல் கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு கவிஞர்கள் கூடி, இரண்டிரண்டு பேராக நோட்டை மாற்றிக்கொள்வார்கள். ஒரு மாதம் வைத்துப் படித்து, மனத்தில் நின்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். குறையோ நிறையோ வாயால் சொல்லக்கூடாது.*

* முன்பெல்லாம் வாயால்தான் சொன்னார்கள். ஒரு வெண்பாக்காரரும் ஒரு புதுக்கவிதைக்காரரும் சொல்லிச் சொல்லி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உடைந்தன. அதற்குப் பிறகு வந்தது இந்தப் புள்ளி.

3

உண்ணாமலையின் நோட்டு கோட்டைப்பட்டினம் சந்தனமேரியிடம் போகும், அவருடையது இவளிடம் வரும். சந்தனமேரி ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உடைப்பவர். ஐம்பது வயது. எழுதத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. சாதிச் சான்றிதழ், ஆதார், மார்க் ஷீட் என்று கடையில் நிற்க இடமில்லை. சந்தனமேரியின் ஐந்து புதுக் கவிதைகள் பைக்குள்ளேயே கிடந்தன. ஞாயிறு காலை பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று ஏறினால் இலுப்பூர் தாண்டியும் உட்கார இடமில்லை. அன்னவாசல் வரும்போதுதான் சீட் கிடைத்தது. நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. பென்சில் முனை தாளில் குத்தியது.

ஒரு புள்ளி.

"சரி, இருக்கட்டும். அக்கா முகம் வாடாம இருக்கும்" என்று நினைத்து நோட்டை மூடிவிட்டாள்.

(இந்த இடத்தில் அவளுக்காக ஒரு பத்தி வாதாடினேன். மாமியாருக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். மாமியார் நன்றாகத்தான் இருந்தார். எடுத்துவிட்டேன்.)

அன்று மாடியில் நோட்டைப் பிரித்த சந்தனமேரி அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இந்தத் தடவையும் ஒண்ணுமில்லேன்னா எழுதுறத விட்டுர்றேன்னு மாதாகிட்ட சொல்லிட்டு வந்தேன். ஒண்ணு வச்சிருக்கியே!"

உண்ணாமலை சிரித்து வைத்தாள். மாடிக்கு டீ வந்தது. அவளால் குடிக்க முடியவில்லை.

4

அதற்குப் பிறகு சந்தனமேரி மூன்றே மாதத்தில் முப்பது கவிதை எழுதினார். அவை எல்லாவற்றையும் உண்ணாமலை வரி வரியாகப் படித்தே புள்ளி வைத்தாள். ஜூன் மாதத்து ஐந்தை மட்டும் திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் இரண்டு பஸ் மாறி, கருவாட்டுப் பையோடு கடைக்கு வந்து இறங்கினார் சந்தனமேரி.

"புத்தகம் போடப்போறேன். புள்ளி விழுந்தது மட்டும் உள்ள, மத்ததெல்லாம் வெளிய. வெள்ளிக்கிழமை பிரஸ்ல கொடுக்கணும், இந்தா நோட்டு, காப்பி எடுத்து வையி. முன்னுரை நீதான் எழுதணும்."

"நானாக்கா? நான் என்னத்தக்கா எழுதுவேன்?"

"பின்ன ஐஸ் கம்பெனி ஓனரா எழுதுவாரு? அவரு எழுதுனா வெலைப்பட்டியல்தான் வரும்."

புத்தகத்தின் தலைப்பு: 'அலைகள் எழுதும் கண்ணீர்க் கடிதம்'. அன்னவாசல் வேகத்தடை தேர்ந்தெடுத்த வரி.

அவர் போன பிறகு உண்ணாமலை அந்த ஐந்தையும் முதல்முறையாகப் படித்தாள். புள்ளி விழுந்தது எங்கேயோ கேட்ட வரிதான், யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த பக்கம் பேனாவால் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. புள்ளி இல்லாத பக்கம் என்று அக்காவே அடித்தது.

ஐஸ் உடைத்த கையை
ரேஷன் கடை மிஷினில் வைத்தேன்.
யாரென்று தெரியாது என்றது, மூன்று தடவை.
கடைக்காரர் தன் டீ கிளாசை நீட்டினார்:
'குடிக்க வேணாம், சும்மா பிடிங்க,
கை சூடாகட்டும்.'
நான்காவது தடவை
நான் நானாக இருந்தேன்.

வாசலில் ஒருவர் ஆதாரை நீட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு காப்பிங்க" என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

5

முதல் முடிவு: அடிபட்ட அந்தப் பக்கத்தையும் தாள்களுக்கு நடுவே செருகி, சத்தமில்லாமல் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுகிறாள். புத்தகத்தில் கவிதை வந்துவிடுகிறது. எல்லாருக்கும் நல்லது.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். அப்புறம் தோன்றியது, இதுவும் அந்தப் பஸ் புள்ளி மாதிரிதான். அக்காவுக்குத் தெரியாமல் அக்காவுக்குச் செய்யும் இன்னொரு நல்லது.

இரண்டாவது முடிவு: வியாழக்கிழமை உண்ணாமலை கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு போன் போடுகிறாள்.

"சொல்லு புள்ள. மிஷின் ஓடுது, சத்தமாச் சொல்லு."

இப்படிப்பட்டதைச் சத்தமாகச் சொல்வது கஷ்டம். சொன்னாள். "ஜூன் மாசம் நான் படிக்கலக்கா. பஸ் தூக்கிப் போட்டுச்சு. பென்சில் தானா பட்டுச்சு. நீங்க அடிச்சுப் போட்ட ரேஷன் கடைக் கவிதைதான்க்கா அதுல நல்லது. அத எடுத்துறாதீங்க."

அந்தப் பக்கம் இன்னொரு ஐஸ் பார் மிஷினுக்குள் விழுந்து உடைந்தது.

"அப்ப... மத்த புள்ளியெல்லாம்?"

"படிச்சு வச்சதுக்கா. சத்தியமா."

"எப்படி நம்புறது?"

நோட்டு மேசையில் மூடிக் கிடந்தது, உண்ணாமலை அதை எடுக்கவில்லை. 'ஐஸ் உடைத்த கையை' என்று போனில் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு சொல் பிசகவில்லை. டீ கிளாஸ் வந்த இடத்தில் அந்தப் பக்கம் மிஷின் நின்றது. கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள்.

6

சந்தனமேரி என்ன சொன்னார் என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் அவர் மன்னித்தார். ஏமாற்றியவன் எழுதினால் அப்படித்தான் வரும்.

ஆகவே இந்தக் கதையின் முதல் பிரதியைக் குழந்தைசாமிக்கு அனுப்புகிறேன். அவருடைய கவிதையை அவரிடமே கேட்டு வாங்கி, இந்த வாரம் ஏழு தடவை படித்துவிட்டேன். கடைசி வரி சுமார்தான். நடுவில் ஒரு வரி இருக்கிறது, அவர் இதுவரை யாரிடமும் அதைக் காட்டிப் பேசியதில்லை. அதைத் தாளில் எழுதிவைத்து, சந்தனமேரி சொன்னதை அவரே எழுத, கூடவே ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களிடமும் யாராவது படிக்காமல் நல்ல சொல் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி நீங்களும் கொஞ்ச தூரம் வந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

மிஷின் நின்றிருந்தது. சந்தனமேரி சொன்னார்: