பழைய சாவி டப்பா

என் மனைவி வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் கடலோரப் பாறையில் தூண்டிலோடு நின்ற எனக்கு வலிப்பு வந்துவிட்டது. யாரோ புண்ணியவான் காலைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தேன். மறுநாளே பழைய சாமான் கடையில் ஒரு முரட்டுப் பூட்டை வாங்கிக் கதவில் பொருத்தினாள். உள்ளிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும்.

அந்தச் சாவியை என் கண்ணில் காட்டியதே இல்லை. மாற்றுச் சாவி வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மாவு டப்பா, தலையணை உறை, கடிகாரத்தின் முதுகு என்று சல்லடை போட்டுத் தேடிவிட்டேன். பகலெல்லாம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு முட்டும்.

கை சும்மா இருக்குமா? வீட்டில் கிடந்ததையெல்லாம் தூண்டில் கோர்வையாக்கினேன். துணி மாட்டும் கம்பியை வளைத்தால் தூண்டில் முள்ளைத் தாங்கும் கை. பாட்டில் மூடி, மீனைக் கவர்ந்திழுக்கும் மினுக்கு. பேனாக் குழாயை நறுக்கினால் நரம்பில் கோக்க மணி. கோர்வை கடலடிக்குப் போக எடை வேண்டுமே, அதற்குப் பழைய சாவிகள். குடியிருந்த வீடுகளின் சாவிகளெல்லாம் ஒரு டப்பா நிறைய இருந்தன. மற்றவர்கள் சாவியில் பல்லைப் பார்ப்பார்கள், நான் கனத்தைப் பார்ப்பேன்.

எடையை மட்டும் இற்றுப்போன தையல் நூலில் கட்டுவேன். பாறையில் சிக்கினால் நூல் அறுந்து எடை போகும், கோர்வை தப்பிக்கும். ஜன்னல் கம்பி வழியாக மச்சினனிடம் கொடுப்பேன். எனக்காக அவன் போய் வீசுவான்.

இன்று சாயங்காலம் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவதாக மனைவி ஒத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் கெஞ்சியதற்குக் கிடைத்த வரம். மத்தியானமே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வந்தாள். பூட்டு திறக்கும் சத்தம் மட்டும் வரவில்லை. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"என்னங்க, சாவி எங்கயோ விழுந்துருச்சு. பதறாதீங்க, இன்னொண்ணு உள்ளதான் இருக்கு."

"எங்க?"

"உங்க பழைய சாவி டப்பாவுலதான். நீங்க எங்க தேடினாலும் அதுல தேட மாட்டீங்கன்னு தெரியும்."

டப்பாவைக் கையில் எடுத்தேன்.

"ஆட்டிப் பாருங்க, அடியில கிடக்கும்."

ஆட்டினேன். சத்தமே இல்லை. கடைசியாக இருந்ததைக் காலையில்தான் கட்டிக் கொடுத்திருந்தேன்.

அதற்குள் மச்சினன் தூண்டிலோடு வந்து சேர்ந்தான். "மாமா, காலையில குடுத்தீங்களே ஒரு தடி சாவி, பாறையில மாட்டிக்கிச்சு. சுண்டினேன், அது மட்டும் அறுந்து போச்சு. கோர்வைக்கு ஒண்ணும் ஆகல. உங்க வேலைன்னா வேலைதான்!"

மனைவி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இத்தனை நாளும் உங்க கையிலயேதானே இருந்துச்சு" என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பூட்டுக்காரரைத் தேடி மச்சினன் ஓடினான். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் போக வேறு இடமில்லை.